உங்கள் சைக்கிள் சீட்டுக்கு உயிர் இருக்கிறதா?

"சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. தினமும் அரை மணி நேரம் சைக்கிள் மிதிங்க" என்கிறார் டாக்டர். வீட்டு மூலையில் சாத்திக் கிடக்கும் அப்பா காலத்துச் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்துக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புகிறோம். மூன்றாம் நாள் உட்காரும் இடத்தில் வலி. ஐந்தாம் நாள் சொல்லக் கூச்சமான இடத்தில் ஒரு மதமதப்பு. எட்டாம் நாள் சைக்கிள் பழையபடி மூலைக்குப் போய்விடுகிறது. "நமக்கு ஒத்துக்கலீங்க" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம்.

ஒத்துக்கொள்ளாதது சைக்கிளா? பெரும்பாலும் இல்லை. நாம் உட்கார்ந்திருந்த சீட்! அதிலும் குறிப்பாக, அந்தச் சீட்டுக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்காத இரண்டு ஸ்பிரிங்குகள். டயரில் காற்று குறைந்தால் உடனே பம்ப்பைத் தேடுகிறோம். பிரேக் பிடிக்கவில்லை என்றால் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். சீட் ஸ்பிரிங் செத்துப் போய்ப் பல வருஷம் ஆனாலும் அது நம் கண்ணில் படுவதே இல்லை. அந்த அலட்சியத்துக்கு விலை கொடுப்பது நம் இடுப்பும் நரம்பும்தான்.

வலியில் இரண்டு வகை

சைக்கிள் சீட்டில் வரும் வலியை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எலும்பு வலி. பின்புறத்தில் இரண்டு பக்கமும் அடிபட்டது போல் வலிக்கும். அழுத்தினால் எந்த இடம் என்று விரலால் காட்ட முடியும். வெகு நாள் கழித்துச் சைக்கிள் ஏறுகிறவர்களுக்கு இது சகஜம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினால் ஓரிரு வாரத்தில் பழகிவிடும். பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, மரத்துப் போவது. பிறப்புறுப்புப் பகுதியில் உணர்ச்சி குறைவது, எறும்பு ஊர்வது போல் இருப்பது, சுருக் சுருக் என்று குத்துவது. இதில் வலி அதிகம் இருக்காது. அதனாலேயே பலர் கண்டுகொள்வதில்லை, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்வதும் இல்லை. இது பழகிப் போகும் சமாசாரம் அல்ல. "என்னை நசுக்குகிறாய்" என்று நரம்பு கொடுக்கும் எச்சரிக்கை.

இந்த வித்தியாசம் புரிய வேண்டுமானால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மரப்பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் உங்களுக்கு அடியில் வையுங்கள். கையில் இரண்டு கெட்டியான எலும்பு முனைகள் தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. இயற்கை நமக்குக் கொடுத்த 'ஸ்டாண்ட்' அதுதான். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் உடல் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்த இடம்.

அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட மெத்தென்ற பகுதி எடை தாங்க உண்டானதல்ல. பிறப்புறுப்புக்கு உணர்ச்சி கொடுக்கும் 'பியுடெண்டல்' நரம்பும், ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் அந்த வழியாகத்தான் போகின்றன. நல்ல சீட் என்பது எடையை எலும்பு முனைகளில் வைப்பது. கெட்ட சீட் என்பது எடையை நடுப் பகுதிக்குத் தள்ளிவிடுவது. இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒரு விஷயம் நின்றால் போதும்.

எலும்பு குலுக்கியும் கறுப்பு சைக்கிளும்

1860-களில் ஐரோப்பாவில் ஓடிய சைக்கிளுக்கு மரச் சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் அது போன போக்கைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் வைத்த பட்டப் பெயர் 'எலும்பு குலுக்கி'! 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகுதான் சைக்கிள் சவாரி கொஞ்சம் மனுஷத்தனமாக ஆனது.

அதற்கு முன்பே சீட்டைச் சரிசெய்யக் கிளம்பிய ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தோல் சாமான் வியாபாரம் செய்துவந்த ஜான் புரூக்ஸ். அவருடைய குதிரை இறந்துபோக, வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிளைக் கடன் வாங்கினாராம். சீட் தந்த வேதனை தாங்காமல், 'நாமே நல்லதாக ஒன்று செய்வோம்' என்று இறங்கினார் என்பது அந்தக் கம்பெனி சொல்லிவரும் கதை. 1882-ல் அவர் தன் தோல் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். கெட்டித் தோலை இழுத்துக் கட்டி, பின்னால் கம்பிச் சுருள்கள் வைத்த அந்த ஜாதிச் சீட்டைத்தான் நம் ஊர்க் கறுப்பு சைக்கிளிலும் பார்க்கிறோம்.

கோயமுத்தூர்க்காரர்களுக்குக் கறுப்பு சைக்கிளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1888-ல் முதல் நூற்பு மில் வந்த ஊர் இது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் பெருகின. சங்கு ஊதினால் வாசலில் சைக்கிள் கூட்டம். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து மில்லுக்கும், பின்னாளில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் மிதித்துப் போனவர்கள் எத்தனையோ பேர். பால்காரர் கேன், வாழைத்தார், தேங்காய் மூட்டை எல்லாம் சுமந்தது அந்தச் சைக்கிள்தான். கரடுமுரடான வண்டித் தடத்தில் ஓட்டியும் அவர்கள் தாக்குப்பிடித்ததற்கு முக்கியமான காரணம், நிமிர்ந்து உட்காரும் சைக்கிளும் அதற்கேற்ற ஸ்பிரிங் சீட்டும் ஜோடியாக அமைந்ததுதான்.

ஸ்பிரிங் என்ன செய்கிறது?

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது உடல் எடையில் பெரும்பங்கு சீட்டில்தான் இறங்குகிறது. சக்கரம் ஒரு குழியில் விழுந்தால் அந்த அடி நேராக முதுகுத்தண்டுக்கு வரும். ஸ்பிரிங் அந்த அடியை இல்லாமல் செய்வதில்லை. கண நேரத்தில் விழும் அடியைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மேலேயிருந்து விழும் தேங்காயை நீட்டிய கையில் பிடிப்பதற்கும், கையைத் தாழ்த்திக்கொண்டே பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, விநாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் குலுங்கினால்தான் அதிகமாகச் சிரமப்படுகிறது என்று கண்டிருக்கிறார்கள். இப்போது ஒரு கணக்கு. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கடக்கிறோம். சாலையில் மீட்டருக்கு ஒரு மேடு இருந்தால் விநாடிக்கு நாலு குலுக்கல்! அதே பாதையில் 10 கி.மீ. வேகத்தில் போனால் குலுக்கல் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். மோசமான ரோட்டில் வேகத்தைக் குறைத்தால் முதுகுக்கு இதமாக இருப்பது இதனால்தான்.

செத்த ஸ்பிரிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பிரிங்கும் வயசாகிற பொருள்தான். மழை, வியர்வை, துரு எல்லாம் சேர்ந்து அதைக் கொல்லும். இரண்டு விதமாகக் கேடு வரும்.

பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்தால், நீங்கள் உட்கார்ந்ததும் சீட்டின் பின்பாகம் அமிழ்ந்துவிடும். அப்போது சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அந்த மூக்கு எங்கே குத்தும்? நரம்பு போகும் அதே நடுப் பகுதியில்! ஆள் இறங்கி நின்று பார்த்தால் சீட் சமமாகவே தெரியும். ஏறினால்தான் மூக்கு தூக்கும். காரணம் புரியாமல் பலர் திண்டாடுவது இதனால்தான்.

ஒரே ஒரு ஸ்பிரிங் மட்டும் தளர்ந்தோ உடைந்தோ போனால் இடுப்பு ஒரு பக்கம் சாயும். தினமும் அப்படியே ஓட்டினால் அடி முதுகில் ஒரு பக்க வலி வரலாம்.

வீட்டில் சோதிப்பது சுலபம். சைக்கிளை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி உட்காருங்கள். இன்னொருவர் பின்னாலிருந்து பார்க்கட்டும்.

* சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் வேலை செய்யவில்லை. மரக்கட்டையில் உட்கார்ந்ததற்குச் சமம்.
* இரண்டு பக்கமும் ஒரே அளவு அமிழ வேண்டும்.
* பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு மேலே தூக்கக் கூடாது.
* நீங்கள் ஏறியும் ஸ்பிரிங் அசையவே இல்லையென்றால் துருவில் இறுகியிருக்கிறது, அல்லது உங்கள் எடைக்கு அது அதிகக் கெட்டி.

மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழசுமாக இருந்தால் மறுபடியும் சாய்வுதான்.

மெத்தை சீட் மோசம் போக்கும்!

"வலிக்குதுங்களா? ஜெல் கவர் போட்டுக்குங்க, பஞ்சு மாதிரி இருக்கும்" என்று கடையில் சொல்வார்கள். கையால் அமுக்கிப் பார்த்தால் சொர்க்கம் போலத்தான் இருக்கும். ஆனால் அளவுக்கு மீறி மிருதுவான சீட்டில் எலும்பு முனைகள் இரண்டும் உள்ளே புதைந்துவிடும். புதைந்த பஞ்சு நடுவில் மேலெழும்பி, எங்கே அழுத்தக் கூடாதோ அங்கேயே அழுத்தும். கால் மணி நேரச் சவாரிக்குச் சுகம். ஒரு மணி நேரச் சவாரிக்குத் தொல்லை.

ஸ்பிரிங்கும் இப்படித்தான். ரொம்பத் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் சீட் தொப் தொப்பென்று ஆடும். மிதிக்கிற சக்தி வீணாகும். தொடை உராய்ந்து அரைப்புண் வரும். மேற்பரப்பு கொஞ்சம் கெட்டி, அடியில் அளவான ஸ்பிரிங். இதுதான் நடுநிலை.

தோல் சீட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: நடுவில் தோல் தொட்டில் போலத் தொங்கினால், மூக்குக்கு அடியில் இருக்கும் நட்டைக் கொஞ்சமாக, கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். மழையில் ஊறிய தோலில் உட்கார்ந்து ஓட்டாதீர்கள். வெயிலில் காய வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள்.

காற்றுக் காலத்தில் கவனம்

கோவை வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். சூலூரிலிருந்து டவுனுக்குச் சைக்கிளில் வருகிறவரைக் கேளுங்கள். எதிர்காற்றைச் சமாளிக்க ஹேண்டில் பார்மேல் குனிந்து, சீட்டின் முன்பக்கம் நகர்ந்து மிதிப்பார். குனிந்ததும் இடுப்பெலும்பு முன்னால் உருளுகிறது. எடை, எலும்பு முனைகளை விட்டுவிட்டு மூக்குப் பகுதிக்கு வந்துவிடுகிறது. பின்னால் இருக்கும் ஸ்பிரிங் சும்மா இருக்கிறது! காற்றுக் காலத்தில் மதமதப்பு அதிகமானால் இதைச் சந்தேகியுங்கள். பின்னால் நகர்ந்து உட்காருங்கள், சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்று மிதியுங்கள்.

பந்தயச் சைக்கிள் போல் குனிந்து ஓட்டும் புது மாடல் சைக்கிள்களில் ஸ்பிரிங் இல்லாத குறுகிய சீட் இருப்பதும் இந்தக் கணக்கில்தான். அங்கே எடையைக் கையும் காலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தச் சீட்டைக் கழற்றி நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளில் மாட்டினால் வேதனைதான் மிஞ்சும்.

ஸ்பேனர் எடுங்கள், பத்து நிமிஷம் போதும்

1. உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடி, சீட் உராயும். உயர்த்தும்போது சீட்டுக் குழாய் குறைந்தது நாலு விரல்கடை உள்ளே இருக்கட்டும்.

2. மட்டம்: சீட் சமமாக இருக்கட்டும். மதமதப்பு இருந்தால் மூக்கை ஒரு நூலளவு தாழ்த்துங்கள். அதிகம் தாழ்த்தினால் முன்னால் வழுக்கி, கை வலிக்கும்.

3. ஹேண்டில் பார்: சீட்டின் உயரத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருக்கட்டும்.

4. டயர்: சீட் ஸ்பிரிங்குக்கும் முந்தைய ஸ்பிரிங் டயர் காற்றுதான். கல்லுப் போல அடித்தால் குலுக்கும். குறைத்தால் மிதிப்பது கனக்கும், ரிம் அடிபடும். கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சமாக அமுங்க வேண்டும்.

5. வேகத்தடை வந்தால் உட்கார்ந்தே ஏறாதீர்கள். பெடலை இரண்டு பக்கமும் சமமாக நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழும்புங்கள். முழங்காலை விடச் சிறந்த ஸ்பிரிங் எந்தக் கடையிலும் கிடைக்காது!

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளிலும் இந்த வேலையைச் செய்து கொடுங்கள். பிள்ளைகள் பல உயரம். வந்த நாளில் இருந்த சீட் உயரத்திலேயே இரண்டு வருஷமும் ஓட்டுகிற பிள்ளைகள் உண்டு.

இன்னொன்று. கேரியரில் உட்காருகிறவருக்கு ஸ்பிரிங்கே கிடையாது. குழந்தையை ஏற்றினால் மடித்த துணியோ திண்டோ போடுங்கள். அதைவிட முக்கியம், குழந்தையின் கால் பின்சக்கரக் கம்பிக்குள் போகாதபடி வலைத்தடுப்பு மாட்டுங்கள். குதிகால் சதையே பிய்ந்துவிடும் விபத்து அது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

"சைக்கிள் ஓட்டினால் ஆண்மை போய்விடும்" என்ற பயம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. பழைய சீட்டில் 'மரத்துப் போகவே இல்லை' என்றவர்கள் நூற்றுக்கு 27 பேர்தான். புதுச் சீட்டில் அது 82 ஆக உயர்ந்தது. அழுத்தத்தை எடுத்தால் தொல்லையும் போகும் என்பதற்கு நல்ல சாட்சி.

2018-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக டாக்டர்கள் சைக்கிள் ஓட்டுபவர்களையும் நீந்துபவர்கள், ஓடுபவர்களையும் ஒப்பிட்டார்கள். சைக்கிள்காரர்களின் ஆண்மை மற்றவர்களை விட மோசமாக இல்லை. மரத்துப் போவது மட்டும் அதிகம். அதுவும் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் எழுந்து நின்று மிதிப்பவர்களுக்குக் குறைவு! ஆகவே பயந்து சைக்கிளை விடவும் வேண்டாம், மதமதப்பை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

கேட்கத் தயங்கும் கேள்விகள்

"சைக்கிள் ஓட்டுனா மூலம் வருமுங்களா?"

சைக்கிளால் மூலம் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மலச்சிக்கலும் முக்குவதும்தான் முக்கியக் காரணங்கள். ஆனால் ஏற்கனவே மூலம் வெளியே வந்து வலி இருந்தால், அது அடங்கும் வரை சைக்கிளுக்கு ஓய்வு கொடுங்கள்.

"மிதிச்சா உடம்பு சூடாகி நீர்க்கடுப்பு வருதுங்களே?"

வியர்வையில் போன தண்ணீரை ஈடுகட்டாததால் சிறுநீர் அடர்த்தியாகி எரியும். கிளம்பும் முன்பும் வந்த பிறகும் தண்ணீரோ மோரோ குடியுங்கள். காய்ச்சலும் எரிச்சலும் சேர்ந்து இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், பரிசோதியுங்கள்.

"பொம்பளப் புள்ளைக ஓட்டலாமுங்களா? கர்ப்பப்பைக்கு ஏதும் ஆகாதுங்களா?"

தாராளமாக ஓட்டலாம். கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. சைக்கிள் அதை இறக்கிவிடாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே! ஒரே ஒரு விஷயம்: பெண்களுக்கு உட்காரும் எலும்பு முனைகள் பொதுவாகச் சற்று அகலத்தில் இருக்கும். அதனால் பின்பக்கம் அகலமும் மூக்கு குட்டையுமான சீட் நல்லது. அண்ணன் சைக்கிளில் ஓட்டும்போது தங்கைக்கு வலித்தால் குறை அவளிடம் இல்லை.

"எனக்குச் சர்க்கரை இருக்குது. ஓட்டலாமுங்களா?"

கட்டாயம். வாரத்துக்கு 150 நிமிஷ உடற்பயிற்சி என்ற கணக்குக்குச் சைக்கிள் அருமையானது. இரண்டு எச்சரிக்கை: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் போகாதீர்கள். உட்காரும் இடத்தில் கொப்புளமோ புண்ணோ இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். உங்களுக்கு அது சீழ் பிடித்துக் கட்டியாகிவிடும் அபாயம் அதிகம்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

சைக்கிளை விட்டு இறங்கிச் சில நிமிஷங்களில் மதமதப்பு மறைந்துவிட்டால் சீட்டைச் சரிசெய்யுங்கள். மறுநாளும் நீடித்தால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், விரையிலோ ஆசனவாய் அருகிலோ வீக்கம் இருந்தால், விறைப்பில் குறைவு தெரிந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். அந்த இடம் மரத்துப்போய், காலும் பலவீனமாகி, சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ முடியாமல் போனால் அது சீட் கோளாறு அல்ல. முதுகுத்தண்டு நரம்புகள் அமுங்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை இருந்தால் இரண்டு நாள் முன்பே சைக்கிளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறதா? "சைக்கிள் ஓட்டும்போது கீழே மரத்துப் போகுது" என்று ஒரே வரி சொன்னால் போதும். மீதியை டாக்டர் கேட்டுக்கொள்வார்.

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை மாதாமாதம் செலவு வைக்கும். ஒரு ஜோடி சீட் ஸ்பிரிங்கோ பல வருஷம் உழைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மூலையில் இருக்கும் சைக்கிளை வெளியே எடுங்கள். ஏறுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து, சீட்டுக்கு அடியில் பார்த்துவிடுங்கள்!